கர்த்தர் காட்டுகிறார்

மாரியூர்ச் சபையின் தகரக் கூரையில் உள்ள ஆணித் துளைகள் வழியே வெயில் குச்சி குச்சியாக இறங்குகிறது. சென்னையிலிருந்து வந்த அப்போஸ்தலர் மைக்கைப் பிடித்துக் கண்களை மூடியிருக்கிறார். பாஸ்டர் தர்மராஜ், அவருக்கென்று சீவிய இளநீரோடு பக்கத்தில் நிற்கிறார். "கர்த்தர் எனக்குக் காட்டுகிறார்! இங்கே ஒரு மகள், புருஷனுக்குத் தெரியாமல் சாகவென்று கடலில் இறங்கினாள்!" என்கிறார் அப்போஸ்தலர். சபைக்கு வரும் சேதுலட்சுமி தர்மராஜிடம் மட்டும் அழுது சொன்னது அது. மனம் தாங்காமல் அவர் அதைப் போனில் அப்போஸ்தலரிடம் மட்டும் சொல்லி, "அவளுக்காக ஜெபிங்கய்யா" என்றார். உங்களை மாதிரி போதகர்களைத் தாங்கத்தானே கர்த்தர் என்னை வைத்திருக்கிறார் என்று சொன்ன மனிதர் ஆயிற்றே. காலையில் "எந்தப் பிள்ளை?" என்று அவர் கேட்டபோது, ஜெபிக்கத்தான் என்று நம்பி அவளைக் காட்டியதும் தர்மராஜ்தான். "நீல முக்காடு போட்ட மகளே, எழும்பு!" சபை அல்லேலூயா என்று அலறுகிறது. ஆண்கள் பக்கத்தில் அவள் புருஷன் முனியசாமி மெல்லத் திரும்புகிறான். எழுந்து நிற்கும் சேதுலட்சுமி அவனைப் பார்க்கவில்லை, அப்போஸ்தலரையும் பார்க்கவில்லை. "சொல்லிட்டீகளே, பாஸ்டர்" என்கிறாள். அந்தக் கூச்சலில் தர்மராஜுக்கு மட்டும் அது கேட்கிறது. அப்போஸ்தலர் கண் திறந்து, சிரித்தபடி இளநீருக்குக் கை நீட்டுகிறார். தர்மராஜ் இரண்டு கையாலும் கொடுக்கிறார்.