நெடி

அவள் கதவுத் துளையில் கண்ணை வைத்தபோது, எதிர்வீட்டுச் சுகந்தியின் மாமியார் இவள் வாசல் கால்மிதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மிதியின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை தூசியைக் கிள்ளினாள். உள்ளங்கையில் இருந்த காய்ந்த மிளகாயோடும் கல்லுப்போடும் அதைச் சேர்த்து மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மூன்றாவது மாடியில் காலடி மண்ணுக்கு எங்கே போவது? தூசிதான்.

சுகந்தியின் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறது. யார் கண் பட்டதோ அவர்கள் காலடி மண்ணைச் சேர்த்துச் சுற்றினால்தான் திருஷ்டி போகும்.

கல்யாணம் ஆகாமல் ஐம்பதைத் தொடப்போகிறவள் இந்த மாடியில் இவள் ஒருத்திதான். வேறு யார் கண்ணாக இருக்கும்?

அவளுக்குக் கோபம் பொங்கியது. அந்தக் குழந்தைக்கு இந்தக் கையால் எத்தனை வேளை சோறு ஊட்டியிருக்கிறாள்.

கதவைத் திறந்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

தணலில் போட்ட மிளகாய் நெடி அடித்தால் கண் படவில்லை என்று அர்த்தம். நெடியே வரவில்லை என்றால் பட்டிருக்கிறது. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள்தான். ஆனாலும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

நெடி வந்தது.

எதிர்வீடே இருமியது. குழந்தை தும்மியது. இவளுக்கும் தொண்டை கமறியது. இருமிக்கொண்டே சிரித்தாள். நன்றாக வேண்டும் கிழவிக்கு.

அப்புறம் மெல்லச் சிரிப்பு நின்றது.

குழந்தைமேல் அவளுக்கு ஒன்றும் இல்லை. மிளகாய் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

அவள் பார்த்தது வேறு.

சுகந்தி ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவள். சாயங்காலம் அவள் புருஷன் ஞானவேல் போய் வண்டியில் கூட்டி வருவான். கீழே வாசலில் வண்டியை நிறுத்தியதும், பின்னால் கையை நீட்டி அவள் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வான். சக்கரத்தில் சிக்காமல் அவள் இறங்கி நிற்கும்வரை விடமாட்டான்.

அவ்வளவுதான். பேச்சுகூட இருக்காது.

அதைப் பார்க்கத்தான் இவள் தினமும் பால்கனிக்கு வருவாள். கொடியில் துணி இல்லாத நாளிலும் வருவாள்.

அவள் தமிழாசிரியை. பொருள் வேறுபாடு நடத்துவதில் பேர்போனவள். ஆசை என்றால் எனக்கும் வேண்டும். பொறாமை என்றால் உனக்கு வேண்டாம். பிள்ளைகள் கடகடவென்று எழுதிக்கொள்வார்கள்.

உன்னுடையதே எனக்கு வேண்டும் என்பதற்கும் ஒரு சொல் உண்டு. வெஃகல். பிள்ளைகள் வாயில் நுழையாது. பரீட்சைக்கு வராது, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடுவாள். பேச்சில் யாரும் சொல்லாத ஒன்றை மனதில் மட்டும் யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

தனக்கு இருப்பது ஆசை என்றே அவள் வைத்துக்கொண்டாள். அதுதான் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

குழந்தைக்குச் சரியாயிற்று. மாமியார் ஊருக்குப் போனாள். அந்த வாரமே ஞானவேல் வண்டியோடு சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டான்.

சுகந்தி வந்து கதவைத் தட்டினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அத்தையும் இல்லை, வயதில் மூத்தவர்கள் சுற்றினால்தான் நல்லது, அக்கா வந்து அவருக்குச் சுற்றிப் போட வேண்டும் என்றாள்.

யாருடைய காலடி மண் என்று இவள் கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

யாரைச் சந்தேகப்படுவது, முச்சந்தி மண் எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள் சுகந்தி.

நீ போ, வருகிறேன் என்று அனுப்பிவிட்டு இவள் வாசலிலேயே நின்றாள்.

அவன் விழ வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சத்தியமாக இல்லை. அவன் நன்றாக இருக்க வேண்டும். ஆசைப்பட்டவள் அப்படித்தானே நினைப்பாள்? போன தடவை மிளகாய் அவள் பக்கம் நின்றது. இந்தத் தடவையும் நிற்கும்.

குனிந்து தன் கால்மிதியைப் புரட்டினாள். ஒரு சிட்டிகை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

ஞானவேல் கட்டுப்போட்ட காலை நீட்டிக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தான். உங்களுக்கு எதற்கு டீச்சர் சிரமம் என்று கூச்சத்தோடு சிரித்தான். இவ்வளவு பக்கத்தில் அவனை அவள் பார்த்ததில்லை. மீசையில் ஒன்றிரண்டு நரை.

சுகந்தி தந்த மிளகாயையும் உப்பையும் மண்ணையும் அதே கையில் வாங்கினாள். அவன் தலையைச் சுற்றினாள். துப்பச் சொன்னாள். அவன் பிள்ளை மாதிரி அவள் கைக்குள் துப்பினான்.

தூபக்கால் தணலில் எல்லாவற்றையும் போட்டாள்.

உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகிச் சுருண்டது. புகை எழும்பி நேராக அவள் முகத்துக்கு வந்தது.

இழுத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை ஆழமாக இழுத்தாள்.

சுகந்தி இருமவில்லை. குழந்தை தும்மவில்லை. அவன் தலையைத் தூக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சுகந்தியின் முகம் இறுகியது.

"எவளோ நல்லாக் கண்ணு வச்சிருக்காக்கா. அவ வெளங்குவாளா?"

இவள் தணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளங்க மாட்டா," என்றாள்.