நொண்ட வேண்டிய கால்

சமையலறை வாசல்வரை நன்றாகத்தான் நடந்து வந்தான்.

அவள் திரும்பினாள்.

உடனே நொண்ட வேண்டும். எந்தக் காலில்?

இரண்டு கால்களும் ஒன்றையொன்று பார்த்து முழித்தன.

இதில் அவன் தப்பு பாதிதான். அறுந்தது வலது முட்டி ஜவ்வு. ஆபீஸ் ஷட்டில் போட்டியில், யாரும் கேட்காமலே எகிறிக் குதித்து வாங்கிக்கொண்டது. அதற்கு மாற்றாக டாக்டர் இடது தொடையின் பின்னாலிருந்து தசைநாணை உருவி, நாலாக மடித்து, வலது முட்டி எலும்பில் துளை போட்டுக் கோத்துவிட்டார். இரண்டு காலிலும் தழும்பு. எது நோயாளி, எது கொடையாளி என்று நாற்பத்திரண்டு வயதில் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

கோபித்துக்கொண்டு எட்டு மாதமாகக் கரூரில் அம்மா வீட்டில் இருந்தவள், ஆபரேஷன் என்றதும் வந்தாள். ஒரே பெட்டி.

"நீங்க நடக்கிற வரைக்கும்தான்."

கட்டு மாற்றினாள். காலைத் தூக்கித் தலையணை வைத்தாள். அதிகம் பேசவில்லை.

ஆனால் இருந்தாள்.

இது பன்னிரண்டாவது வாரம். வலி போய் இரண்டு வாரமாகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

நேற்று பிசியோதெரபிப் பெண் வேறு குழப்பிவிட்டாள். வைத்த அன்றைக்குப் புது ஜவ்வு கெட்டியாக இருக்குமாம். பிறகு உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, தன்னுடையதாகத் திரும்பக் கட்டிக்கொள்ளுமாம். வலி விட்டுப்போகிற இந்தச் சமயத்தில்தான் அது ரொம்பப் பலவீனமாம்.

வலித்தபோது கெட்டி. வலிக்காதபோது பலவீனம்.

இது எந்த ஊர் நியாயம்?

பக்கத்தில் நின்ற இவள் மட்டும் தலையாட்டினாள். நன்றாகப் புரிந்த மாதிரி.

இடது காலை இழுத்தான்.

அவள் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து வலது கால்ல இல்ல நொண்டுனீங்க?"

அடுப்பை அணைத்தாள். அறைக்குள் போனாள்.

பெட்டியின் ஜிப் சத்தம்.

திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரே சத்தத்தை வைத்துத் தொலைத்திருக்கிறார்கள், பாவிகள்.

ஓடினான். நொண்ட மறந்து, இரண்டு காலாலும் ஓடினான்.

அறை வாசலை அடைத்துக்கொண்டு பெட்டி. அதன்மேல் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஓடாதீங்க! இப்பதான் ரொம்பப் பலவீனமா இருக்கும்னு சொன்னாங்கல்ல!"

நின்றான். மூச்சு வாங்கியது. எந்தக் காலில் நிற்கிறோம் என்றுகூடத் தெரியவில்லை.

அவன் தடுக்கிவிடாமல் இருக்க, அவள் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.