செவ்வாய்க்கிழமை வந்தவர்கள்

இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

மருத்துவமனையின் மீட்டிங் அறையில் எட்டு பேர், எட்டு லேப்டாப். ஆளுக்கொரு லினக்ஸ் சர்வர், வேண்டுமென்றே ஓட்டைகளோடு அமைத்தது. அதை உடைத்து உள்ளே போவதுதான் அன்றைய பயிற்சி. திருடன் நுழையும் வழி தெரிந்தால்தான் அதை அடைக்க முடியும் என்று மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் சார் சொல்லியிருந்தார்.

பாதி வழி சுலபமாக வந்துவிட்டது. ‘பேக்கப்’ என்ற கணக்குக்கு பாஸ்வேர்டும் ‘பேக்கப்’தான்.

“எந்த மகராசன் சார் இப்படி வெச்சான்?” என்று அவள் கேட்டதும் அறையே சிரித்தது. சார் மட்டும் புரொஜெக்டர் வயரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்.

உள்ளே ஒரு ஸ்க்ரிப்ட் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும். ஓடும்போது ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். சர்வரில் எதை வேண்டுமானாலும் செய்யக்கூடியவர் ரூட். ஆனால் அந்த ஸ்க்ரிப்ட்டை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துபோட்டிருந்தார்கள்.

அதன் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டாள். அடுத்தமுறை ஓடும்போது அந்த வரி அவளையும் ரூட் ஆக்கிவிடும்.

திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினெட்டு வருஷமாக நோயாளிகளின் பதிவுப் பிரிவில் இருப்பவள். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை மதியம் ‘விடுப்பு விவரம்’ என்று வந்த மெயிலைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனையின் எல்லாத் திரைகளும் பூட்டிக்கொண்டன; திறக்கப் பணம் கேட்டு ஒரு செய்தி மட்டும் நின்றது.

ஆறு நாள். அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஒரு கர்ப்பிணியை அவசரமாக வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண்ணின் ரத்தப் பிரிவை இவள்தான் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். தாயும் பிள்ளையும் நலம் என்று தெரியும்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை.

அந்த மெயில்தான் காரணம் என்றார்கள். மருந்தகத்துக்காரர் ‘கிளிக் அக்கா’ என்று பெயர் வைத்தார். லிஃப்டில் முன்பின் தெரியாத நர்ஸ்கூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

அது நடந்த நாலாவது மாதம் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிக்கொண்டு போனாள். அதை வாங்கிக் கிழித்தது சிஸ்டம் சார். இந்தப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது முதலில் அவள் பெயரைக் கொடுத்ததும் அவர்தான்.

“அம்மாவே பூட்டு உடைக்கக் கத்துக்கிட்டா, நான் டைரியை எங்க ஒளிச்சு வைக்கிறது?” என்று மகள் கேலி செய்தாள். ஆனால் தினமும் பக்கத்தில் உட்காரவைத்து கமாண்டுகளை ஒப்பிக்கச் சொன்னதும் அவள்தான்.

தப்பு செய்தவளை ஒதுக்கித் தள்ளாமல் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், இரண்டு மாதமாக எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்தாள்.

நேரம் ஆகிவிட்டது. கமாண்டை அடித்தாள். வரியின் முனையில் இருந்த, சாதாரணக் கணக்கின் டாலர் குறி போய், ஹாஷ் குறி வந்து நின்றது.

ரூட்.

ரூட்டின் ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல். ‘ஜெயித்துவிட்டீர்கள்’ என்று ஒரு வரி இருக்கும் என்று சார் சொல்லியிருந்தார்.

இருந்தது ஒரு வரி இல்லை, ஒரு முழுக் கடிதம்.

‘இது நான் புதிதாக அமைத்த சர்வர் இல்லை. நம்முடைய பழைய சர்வரின் நகல். நீங்கள் இப்போது வந்த வழியில்தான் அந்தத் திருடர்களும் வந்தார்கள். வந்தது செவ்வாய்க்கிழமை. பதிவுப் பிரிவு அம்மா மெயிலைத் திறந்தது வியாழக்கிழமை. அந்த மெயில் வெறும் குப்பை. இந்த பாஸ்வேர்டை வைத்தது நான். ஸ்க்ரிப்ட்டைத் திறந்துபோட்டதும் நான். ஆதாரம் மூன்றாவது மாதமே என் கைக்குக் கிடைத்துவிட்டது. பயந்துபோய் மறைத்துவிட்டேன். இன்று காலை நிர்வாகத்திடம் இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.’

இரண்டு முறை படித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மருத்துவமனைக்கே வரவில்லை. மகளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக லீவு போட்டிருந்தாள்.

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? எழுந்து அவரிடம் போவதற்குள், எட்டு மாதம் இதைச் சுமந்துகொண்டு இந்த மனிதர் எப்படித் தூங்கினார் என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

“ரொம்ப நன்றி சார்.”

“அத மட்டும் சொல்லாதீங்கம்மா.” அவர் தலையைத் தூக்கவில்லை.

“நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?”

“எல்லார் சர்வர்லயும் இதே ஃபைல்தான் இருக்கு” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏழு தலைகள் ஏழு திரைகளில் கவிழ்ந்திருந்தன.

அவர்களில் மருந்தகத்துக்காரர் பாதி வழியில் மாட்டிக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“அந்த ஸ்க்ரிப்ட்டை யார் யார் திருத்தலாம்னு பாருங்கண்ணே.”

“அட, ஆமா!” என்று அவர் விரல்கள் பரபரத்தன.

அவர் உள்ளே போய்ச் சேரும்வரை கூடவே இருந்தாள். ஃபைலைத் திறக்கப் போனபோது, படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.