சமையலறையில் துணை அதிபர்

அட்லாண்டா வானொலியில் பழமைவாதக் கட்சிக்காகக் காலமெல்லாம் தொண்டை கிழியப் பேசியவர் தணிகைவேல். இந்தத் தேர்தலில் அவருக்கு வயிறு எரிந்தது. கட்சியின் துணை அதிபர் வேட்பாளர், கணினி உருவாக்கிய பேசும் ஒளிப் பிம்பமாக வீட்டுக்கு வீடு வந்து தினமும் சமையலறையில் உட்கார்ந்தார்.

"முட்டி வலி தேவலையாம்மா?" என்றது பிம்பம், அவர் மனைவி மங்கையர்க்கரசியிடம்.

அவள் முகம் மலர்ந்தது. "நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்று கணவரிடம் திரும்பினாள்.

தணிகைவேல் வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டார்.

ஜார்ஜியா மாநிலத்தில் கட்சி மண்ணைக் கவ்வியது. பெண்கள் ஓட்டை அள்ளித் தந்திருந்தார்கள், கணவன்மார்கள்தான் கவிழ்த்துவிட்டார்கள். வானொலி நிகழ்ச்சியில் நேயர் ஒருவர் தோல்விக்குக் காரணம் கேட்டார்.

"பொருளாதாரம்," என்றார் தணிகைவேல்.

வீட்டுக்கு வந்ததும், "முட்டி வலி தேவலையாம்மா?" என்றார்.

மங்கையர்க்கரசி காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"அவர் கேக்குற மாதிரி வரலைங்க."