ஓஹான்னா இலை

"ஓஹான்னா இலை. ஓஹான்னா தாளும்தான்."

மீனாட்சி போனில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே பசியாற வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். உள்ளே வாழை இலை, வெளியே தாள். ரெண்டுக்கும் ஒரே பேர்.

"நம்ம ஓலை மாதிரிதாங்க. மரத்துல இருந்தாலும் ஓலை, கடுதாசின்னாலும் ஓலை."

"ஆரம்பிச்சிட்டியா?" தங்கராஜு தன் பொட்டலத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நிற்கும் காரில் போய் உட்கார்ந்து கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார்.

ஒரு மாசமாக இதே கூத்து. பெண்டாட்டி வாயைத் திறந்தால் ஐயாவுக்குக் காருக்குள்தான் பசியாறல்.

மகன் ஹரீஷுக்கு மெக்சிகோவில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், அடுத்த வாரம் பினாங்குக்கு அழைத்து வருகிறான். பெயர் ஹிமேனா. ஸ்பானிஷ் தவிர வேறு பேச வராது.

"பொண்ணைப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வேன்" என்று தங்கராஜு கறாராகச் சொல்லிவிட்டார். மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. செபராங் ஜெயாவில் ஒரு கல்யாண விருந்தில், பக்கத்தில் இருந்தவர் இலையை வெளிப்பக்கம் மடித்தார் என்பதற்காக, "இதென்ன கருமாதி வீடா?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர். அதனால்தான் மீனாட்சி முதல் வேலையாக இலைக்கு ஸ்பானிஷில் என்னவென்று தேடினாள்.

ஹரீஷும் ஹிமேனாவும் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வாழை இலை விருந்து. பாகான் டாலாமிலிருந்து தங்கராஜுவின் தங்கை பிரமிளாவும் வந்திருந்தாள். ஹிமேனா கையாலேயே சாப்பிட்டாள். ரசத்தில் மட்டும் கொஞ்சம் திண்டாடினாள்.

ஹரீஷ் முதல் ஆளாக முடித்து, இலையைத் தன் பக்கம் மடித்துவிட்டுக் கை கழுவப் போனான். எதிரே இருந்த ஹிமேனா அதைக் கவனமாகப் பார்த்தாள். அவன் இலை போன திசையிலேயே தன் இலையையும் மடித்தாள். அது அவளுக்கு வெளிப்பக்கம்.

மீனாட்சிக்குத் திக்கென்றது. தடுக்கலாம் என்றால், 'ஓஹா, ஓஹா' என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை. படித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"என்ன அண்ணி இது, நல்ல காரியம் பேசற நேரத்துல?" பிரமிளா முகத்தைச் சுளித்தாள். "அண்ணே, பார்த்தீங்களா?"

ஏதோ தப்பு என்று ஹிமேனாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் வாடி, கையை இலை மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீனாட்சி புருஷனைப் பார்த்தாள். போச்சு, எழுந்திரிக்கப் போகிறார்.

தங்கராஜு மோரைக் குடித்து முடித்தார். தன் இலையை நிதானமாக வெளிப்பக்கம் மடித்தார்.

"எந்தப் பக்கம் மடிச்சா என்னலா? சாப்பாடு நல்லா இருந்துச்சு."

பிறகு ஹிமேனா பக்கம் திரும்பினார். நிறுத்தி நிறுத்தி, ஸ்பானிஷில் ஏதோ பேசினார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து, கறிக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டாள்.

கை துடைத்துக்கொண்டே வந்த ஹரீஷ், அப்பா பேசியதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா சொன்னாரு?" என்றாள் மீனாட்சி.

"'கல்யாணத்துக்கு எப்ப வர முடியும்னு உங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுச் சொல்லும்மா'ன்னு சொல்றாரும்மா."

மீனாட்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இதெல்லாம் எங்கங்க படிச்சீங்க?"

"கார்லதான். நீ பக்கத்துல உட்கார்ந்து தப்புத் தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்தா எனக்கு எப்படி வரும்?"