கறுப்பு பானட்டில் ஒரு கீறல்

தக்கலையில் டாக்டர் வீட்டுப் பலாமர நிழலில் கறுப்பு ஆஸ்டின் கார் நிற்கிறது. டாக்டர் நோயாளியின் மேல் குனிவதைவிட அக்கறையாக அதன் பானட்டின் மேல் குனிந்திருக்கிறார் டிரைவர் ததேயுஸ். முட்டம் கடற்கரைக்குப் போய் வந்த காரில் மணல் படிந்திருந்தது. உதவி செய்யும் நல்ல எண்ணத்தில் ததேயுஸின் மனைவி செசிலி, காலையில் அதைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டாள். முழ நீளத்துக்கு மெல்லிய கீறல். டாக்டர் மதியத் தூக்கம் கலைந்து வந்து இதைக் கண்டால், டிரைவர் வேலை இன்றோடு சரி. "தண்ணி ஊத்தி மணலைக் கழுவிட்டுல்லா துணி வைக்கணும்?" என்கிறார் ததேயுஸ். "மீனைத்தான் மண்ணு போகக் கழுவணும்னு நெனச்சேன். காரையுமா?" என்கிறாள் செசிலி. அவர் மெழுகைத் துணியில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கிறார். இந்தக் கைப்பக்குவம் வர அவருக்கு எட்டு வருடமும், ஒரு பழைய காரின் இரண்டு கதவுகளும் செலவாகியிருக்கின்றன. இலைகளின் நடுவே விழும் வெயில் பானட்டில் வழுக்குகிறது. உள்ளே டாக்டரின் குறட்டை நிற்கிறது. "போச்சா?" என்கிறாள் அவள். "நீயே பாரு." செசிலி குனிகிறாள். கீறல் இருந்த இடத்தில் அவள் முகம் மட்டும் தெரிகிறது. அந்த முகத்தின் மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுகிறது. "ஏட்டி, அழாத. உப்புத்தண்ணி பெயிண்டுக்கு ஆகாது." சொல்லிவிட்டு, பானட்டை அப்படியே விட்டுவிட்டு, அவள் கன்னத்தைத் துடைக்கிறார். கன்னம் மெழுகில் மினுங்குகிறது.