நாலு போல்ட்டு

"கவர் இல்லாமதான் ஓட்டிப் பாரேன் மாமு. நாள் போயிகினே கீது," என்றான் துரை.

"ஒரு கண்ண குடுத்தாச்சி. மிச்சம் ஒண்ணு, ஜீனத்து மூஞ்சப் பாக்க வேணும்," என்றான் தமீம்.

இருவரும் சிரித்தார்கள். தண்டையார்பேட்டைத் தகரக் கொட்டகையின் நடுவே, இடுப்பளவு உயரத்துக்கு நின்றது உளி, கத்தி தீட்டும் அந்தப் பெடஸ்டல் கிரைண்டர். வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பிரும்பு. இருவரும் வேலை பார்த்த திருவொற்றியூர் ஃபேக்டரியை மூடியபோது, காயலான் கடை லாரியில் ஏறவிருந்ததைத் தமீம் கெஞ்சி வாங்கி வந்திருந்தான்.

அவன் கண்ணைத் தின்றதும் இதே மெஷின்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் கவர் மூடி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த சாணைக்கல் வெடித்தது. ஷிஃப்டுக்கு ஆறேழு பேர் கை படும் மெஷின். பெரிய சாமான் தீட்ட இடைஞ்சலென்று மூடியை யார் கழற்றினார்களோ. விசாரணையில் தமீமைத்தான் கேட்டார்கள். "நீ கழட்டலைன்னா மூடியோட போல்ட்டு நாலும் எங்கே?" கழற்றியவன் அவன்தான் என்று எழுதிவிட்டார்கள். நஷ்ட ஈடும் இல்லை, வேலையும் இல்லை.

அன்று ரத்தம் சொட்டச் சொட்ட அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் துரை. இந்த மூன்று மாதமும் ஞாயிறு தவறாமல் வந்து, மெஷின்மேல் அடையடையாய் அப்பியிருந்த ஃபேக்டரிப் பச்சைப் பெயிண்டைக் கூடவே சுரண்டியவனும் அவன்தான்.

பேரிங் மாற்றியாயிற்று. புதுக்கல்லை மரப்பிடியால் தட்டினால் கணீரென்றது, விரிசல் இல்லை. மூடிக்கு நாலு போல்ட்டுதான் பாக்கி. அந்தக் காலத்துத் திருகுமரை. புதுப்பேட்டையிலும் இல்லை, பாரிமுனையிலும் இல்லை. நாளைக் காலை காசிமேட்டுப் படகுப் பட்டறை ஆள் வந்து பார்ப்பான். மெஷின் ஓடினால்தான் வேலை. பெண்டாட்டி ஜீனத்தும் விரல் வெந்து இறால் உரிக்கப் போக வேண்டாம்.

துரை மூடியின் காலி ஓட்டைகளைத் தடவிப் பார்த்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், துணிப் பொட்டலம் ஒன்றோடு திரும்பினான்.

"பரண்ல கெடந்துச்சி. சேருதா பாரு."

தலையெல்லாம் கிரீஸ் அழுக்கு அப்பிய முதல் போல்ட்டு ஸ்பானரே இல்லாமல் விரலாலேயே கடைசிவரை இறங்கியது. நாலும் அப்படித்தான்.

"எங்கடா புட்ச்ச இத?" தமீம் குலுங்கிச் சிரித்தபடி முறுக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டான். பழைய உளி ஒன்றைக் கல்லில் வைத்தான். தீப்பொறி பூவாய்க் கொட்டியது.

"ஜெயிச்சிட்ட மாமு," என்றான் துரை. அவன் கண் கலங்கியிருந்தது.

தமீம் உளியை எடுத்துவிட்டு, மூடியையும் போல்ட்டுத் தலைகளையும் ஒருமுறை துடைத்தான். கை நின்றது. சுவிட்சை அணைத்தான்.

நாலு போல்ட்டுத் தலையிலும் அதே பச்சைப் பெயிண்ட்.

கல் சுற்றி ஓயும்வரை அவன் திரும்பவில்லை.

"அன்னிக்கி விசாரணைல இதத்தான கேட்டாங்க, தோஸ்து."